பதினோராம் பக்கத்துக் கேள்வி

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் என் வீட்டுக்காரருக்கு ‘ஃபைல் அண்ணன்’ என்று பெயர். அவருக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. ஆனால் விசாவைப் புதுப்பிக்க வேண்டும், பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி தப்பாக விழுந்துவிட்டது, மனைவியை வரவழைக்க வேண்டும் என்று யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் நான்கு மாடி ஏறி எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஏறி என்று தெரிந்தேதான் சொல்கிறேன். எங்கள் கட்டடத்து லிஃப்ட் மாதத்தில் பத்து நாள் ஓடாது. அது வேறு கம்பெனி லிஃப்ட், தொட்டால் வம்பு என்று இவர் அதன் பக்கமே போக மாட்டார்.

வந்தவர் மூச்சு வாங்கி உட்காருவதற்குள், “எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து போட்டாச்சா?” என்று கேட்பார். போட்டாச்சு என்று சொன்னாலும் நம்ப மாட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் திருப்புவார். எங்காவது ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தால் அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். லாட்டரி விழுந்தவர்கூட அப்படிச் சிரிக்க மாட்டார்.

இப்படியே மூன்று குடும்பங்களுக்கு பி.ஆர். வாங்கிக் கொடுத்திருக்கிறார். அது கிடைத்துவிட்டால் இங்கேயே நிரந்தரமாகத் தங்கலாம், பிடித்த இடத்தில் வேலை பார்க்கலாம், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். மூன்றாம் மாடி அக்காவுக்கு, அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இவர்தான் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதிக் கொடுத்தார். அக்கா இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றபோது வீட்டுக்கே பி.ஆர். வந்த மாதிரி இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எங்களுக்கு எப்போதும் இரண்டு வருட வேலை விசாதான். முடிந்தால் புதுப்பிப்பது, அது முடிந்தால் மறுபடி புதுப்பிப்பது. முதல் விசாவையும் சேர்த்தால் பன்னிரண்டு வருடத்தில் ஆறு தடவை ஆகிவிட்டது.

“நமக்கு எப்பங்க போடப் போறீங்க?” என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

“நமக்கு எதுக்கு? இந்த ரெண்டு வருஷம் முடிஞ்சா ஊருக்குப் போயிடப் போறோம்.”

எங்கள் வீட்டில் எதை வாங்குவதாக இருந்தாலும் விசாவைத்தான் கேட்க வேண்டும். விசா முடிய இருபது மாதம் இருந்தால் மிக்ஸி வாங்கலாம். பத்து மாதம் என்றால் பிளாஸ்டிக் வாளி. நாலு மாதம்தான் இருக்கிறது என்றால் துடைப்பம் வாங்குவதற்குக்கூட யோசிப்பார். எங்கள் மெத்தையில் நடுவில் பள்ளம் விழுந்து, ஆளுக்கொரு ஓரத்தில் படுத்தாலும் விடியும்போது இரண்டு பேரும் உருண்டு நடுவில் முட்டிக்கொண்டு கிடப்போம். புதிதாக ஒன்று வாங்கலாமே என்றால், “போகும்போது தலையில தூக்கிட்டா போவ?” என்பார். மனுஷன் ஊர் ஞாபகத்தில் தவிக்கிறார் என்று நானும் வாயை மூடிக்கொண்டு முதுகைப் பிடித்துவிட்டுக்கொள்வேன்.

ஏழாவது தடவை புதுப்பிக்கிற நாள் நெருங்கியபோதுதான் இது நடந்தது.

நான் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொள்வது, கருவிகளைக் கொதிகலனில் போட்டு எடுப்பது, பல் அச்சு எடுக்கிற பசையைக் குழைப்பது, இதெல்லாம் என் வேலை. இங்கே வந்து படித்து வாங்கிய வேலை, ஐந்து வருடமாகப் பார்க்கிறேன். ஒருநாள் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளின் பட்டியலில் இந்த வருடம் உன் வேலையையும் சேர்த்திருக்கிறார்கள், பி.ஆருக்கு எழுதிப் போட்டாயா என்று கேட்டார். என்ன கடிதம் வேண்டுமானாலும் தானே தருவதாகவும் சொன்னார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்தால் இவர் சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்களைப் பரப்பி வைத்திருக்கிறார். ஏழாவது புதுப்பிப்பு.

விஷயத்தைச் சொன்னேன்.

“பட்டியல்ல வந்தா போதுமா? பாயின்ட் வேணும்,” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

“வேணும்னா கூட்டிப் பாருங்க.”

“அதெல்லாம் அவ்வளவு சுலபம் இல்ல.”

“மூணாம் மாடி அக்காவுக்குக் கூட்டினீங்களே, விரல்ல எண்ணியே சொன்னீங்களே.”

“அது அவங்களுக்கு.”

இனி இவரிடம் பேசிப் பயனில்லை என்று மறுநாள் மூன்றாம் மாடிக்கே போய்விட்டேன். அக்காவும் நானும் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் கூட்டினோம். என் வீட்டுக்காரருக்கு நாற்பத்து நான்கு வயது, வயதுக்குக் கிடைக்கிற மதிப்பெண் குறைந்துபோயிருந்தது. அவர் தொழிலும் பட்டியலில் கிடையாது. அவர் பேரில் போட்டால் தேறவே தேறாது. என் பேரில் போட்டால் தேவைக்கு மேல் நான்கு மதிப்பெண் இருந்தது. அக்கா இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அப்ப நீதான் மெயின். அண்ணன் உன்னோட டிபென்டன்ட்.”

இதை எப்படிச் சொல்வது என்று மாடிப்படி ஏறும்போதெல்லாம் யோசித்தேன். எப்படிச் சொன்னாலும் அது அப்படித்தான் காதில் விழும் என்று பட்டது. சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

“நான்? டிபென்டன்ட்டா?”

“பேப்பர்லதாங்க.”

“பன்னெண்டு வருஷமா ஃபைல் தூக்குறவன் நானு.”

எங்கள் பெண்ணுக்குப் பத்து வயது. எது எப்போது பேசக் கூடாதோ அதை அப்போது பேசுவதில் கெட்டிக்காரி. “டிபென்டன்ட்னா நான்தானேம்மா? அப்பாவும் என்ன மாதிரியா?” என்று கேட்டாள்.

“ஆமாடி, ரெண்டு பேரும் ஒரே வரிசைல.”

“அப்ப அப்பாவும் உங்கிட்ட கேட்டுட்டுதான் டிவி போடணும்.”

அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். ஆனாலும் என்ன செய்வது, படிவம் என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. இரண்டாம் நாள் நான் ஏதோ ஒரு கட்டத்தில் ஊர்ப் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டிருக்க, பின்னால் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

“எல்லாம் பெரிய எழுத்துல எழுதணும்.”

“டிபென்டன்ட் எல்லாம் பேசலாமா?”

“தப்பா எழுதினா திருப்பி அனுப்பிடுவான்மா. நகரு.”

நகர்ந்தேன். அதற்கப்புறம் வீடு அவர் கைக்குப் போய்விட்டது. நகல் எடுக்கிறார், பழைய வாடகை ஒப்பந்தங்களைத் தோண்டி எடுக்கிறார், பத்து வருடத்தில் எங்கெல்லாம் குடியிருந்தோம், எந்தத் தேதியில் ஊருக்குப் போய் எந்தத் தேதியில் திரும்பினோம் என்று நாள் தவறாமல் எழுதுகிறார். எனக்கு மொழித் தேர்வு இருந்தது. மருத்துவமனையில் நான் நாள் முழுக்கப் பேசுவது வாயைத் திறங்க, கொப்பளிங்க, துப்புங்க என்கிற அளவுக்குத்தான். தினமும் சாயங்காலம் எதிரே உட்கார்ந்து தேர்வாளர் மாதிரி கேள்வி கேட்டார். “உங்களுக்குப் பிடித்த மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டு, தன்னைப் பற்றித்தான் சொல்வேன் என்று மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். நான் டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்குப் பாடம் சீக்கிரமே முடிந்துவிட்டது. தேர்வில் நல்ல மதிப்பெண்ணே வந்தது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரே ஒரு பக்கத்தைத் தவிர.

மொத்தம் இருபத்து மூன்று பக்கம். ஒரு சனிக்கிழமை அடுக்கிப் பார்க்கும்போது பதினோராம் பக்கம் இல்லை. கேட்டதற்கு பிரின்டரில் சிக்கிக் கிழிந்துவிட்டது என்றார். மறுபடி எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தாள் இருக்கிறது, எழுத்து இல்லை. மற்ற பக்கமெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி நிரம்பியிருக்க, அது மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

“இதை ஏன் விட்டுட்டீங்க?”

“கடைசில எழுதிக்கலாம்.”

“இதுதான் கடைசி.”

குழாய் ஒழுகுகிற சத்தம் கேட்கிறது என்று சமையலறைக்குப் போய்விட்டார். குழாய் ஒழுகவில்லை. ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டினார், அதற்கப்புறம் அது நிஜமாகவே ஒழுக ஆரம்பித்தது.

நான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். ஒரே ஒரு கேள்விதான் பெரிதாக இருந்தது. நீங்களோ உங்கள் குடும்பத்தில் யாராவதோ இதற்கு முன் விசாவுக்கோ பி.ஆருக்கோ விண்ணப்பித்து மறுக்கப்பட்டதுண்டா? கீழே, பொய் சொன்னால் என்ன ஆகும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

ஏதாவது போலீஸ் வழக்கா? கல்யாணத்துக்கு முன்னால் வேறு ஏதாவது நாட்டில் மாட்டிக்கொண்டாரா? கண்டதையும் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைக்கப் போனோம். கட்டடத்துக்கு அடியில் ஒரு நீளமான அறை, நான்கு மெஷின், ஒரு பெஞ்சு. வேறு யாரும் இல்லை. துணியைப் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

“உங்களுக்கு எங்கயாவது இல்லன்னு சொல்லியிருக்காங்களா?”

மெஷினுக்குள் சுற்றுகிற துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒருதடவை போட்டேன்,” என்றார்.

“எதுக்கு?”

“பி.ஆருக்குத்தான். ஆறு வருஷம் ஆச்சு. அப்ப என் தொழில் பட்டியல்ல இருந்துச்சு. வயசும் இருந்துச்சு.”

“எனக்குத் தெரியாமயா? என் கையெழுத்து வேணுமே?”

“விசா பேப்பர்னு சொல்லி வாங்கினேன். நீதான் எதை நீட்டினாலும் படிக்காம போடுவியே.”

அது உண்மைதான், மறுக்க முடியவில்லை.

“வந்ததும் உங்கிட்ட நீட்டி, இந்தா பாருன்னு சொல்லணும்னு இருந்தேன். உன் கையெழுத்து எல்லாப் பக்கத்துலயும் இருக்கான்னு மூணு தடவை பார்த்தேன்.” சட்டைப் பொத்தானைத் திருகினார். “என் கையெழுத்தைப் போட மறந்துட்டேன்.”

ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவரும் என்ன செய்வார், சோப்புத்தூள் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது. ஆறு வருடம். அந்த வருடம் ஒருநாள் அவர் வேலையிலிருந்து முகம் வாடி வந்து, எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்து, “ஊருக்கே போயிடலாம்மா” என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மா ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று அன்றைக்கு அவருக்காக நான் அழுதேன்.

“அந்தச் செருப்பு அன்னிக்குத்தானா?”

“ம்.”

“ஊருக்குப் போகணும்ங்கறதெல்லாம்?”

“போகணும்னுதான் நினைச்சேன். வேற என்ன சொல்றது? ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கறவன், தன்னோடதுல கோட்டை விட்டுட்டான்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?”

“ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். எங்கிட்ட சொல்லியிருக்கலாம். பள்ளத்துல படுத்துப் படுத்து என் முதுகு போச்சு.”

“தப்புதான்.”

கல்யாணம் ஆகி பதினான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் இரண்டாம் தரம் கேட்கிறேன். முதல் தரம் எதற்கு என்று இப்போது வேண்டாம்.

“அந்த லெட்டர் எங்க?”

தூக்கிப் போட்டிருப்பார் என்று யாராவது நினைத்தால் அவரைத் தெரியாதவர்கள். மேலே வந்ததும் ஃபைலை எடுத்து, கடைசி உறைக்குப் பின்னால் தலைகீழாகச் செருகியிருந்த ஒரு கவரை உருவிக் கொடுத்தார். கம்பெனி முகவரிக்கு வந்த கடிதம். முதல் வரி, உங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ள இயலவில்லை. நான் அதற்கு மேலும் படித்தேன். தேர்வில் தேறினாலும் எனக்கு அந்த மொழியில் ஒவ்வொரு சொல்லாகத்தான் படிக்க வரும், அதனால் எதையும் தாண்டிப் போகத் தெரியாது. இரண்டாவது பத்தி வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி படித்தேன்.

“இதை முழுசா படிச்சீங்களா?”

“முதல் வரிலயே தெரிஞ்சு போச்சே.”

“இங்க வாங்க.”

பத்தொன்பதாம் பக்கத்தில் கையெழுத்து இல்லாததால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறோம், கையெழுத்திட்டு அறுபது நாளுக்குள் அனுப்பினால் தொடர்ந்து பரிசீலிக்கப்படும், வேறு குறை எதுவும் இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். தெருவில் ஒருவன் காரைப் பின்னால் எடுக்க முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தான். இவர் அவன் வண்டியை எடுத்துப் போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். கிண்டல் செய்ய என்னிடம் ஆயிரம் இருந்தது. ஆனாலும் டீ போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டு நாள் அவர் ஃபைலைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து நான் வந்தபோது பதினோராம் பக்கம் நிரம்பியிருந்தது. அந்தக் கடிதத்தின் நகல், அதைப் பற்றி அவரே எழுதிய ஒரு விளக்கம். ஒன்றரைப் பக்கத்தில் எதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். ‘நான் முதல் வரிக்கு மேல் படிக்கவில்லை’ என்றுகூட எழுதியிருந்தார். அதிகாரிக்கு அது தேவையா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு என்னை உட்காரவைத்து, படிக்காமல் ஒரு தாளில்கூடப் போடவிடவில்லை. இருபத்து மூன்று பக்கம் படிப்பதற்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. எங்கள் பெண் நடுவில் வந்து தன் பெயருக்குப் பக்கத்தில் பூ வரைந்துவிட்டுப் போனாள். அதற்காக அந்த ஒரு பக்கத்தை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

அனுப்பிய பிறகு பதிலுக்குப் பதினாறு மாதம் ஆனது. அதுவரை இருப்பதற்கு விசா வேண்டுமே, ஏழாவது தடவையும் புதுப்பிக்கத்தான் செய்தோம். நடுவில் மருத்துவச் சோதனை, அப்புறம் இன்னும் இரண்டு தாள் கேட்டு ஒரு கடிதம். அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. இவர் காலையில் எழுந்ததும் மெயில் பார்ப்பார், படுக்கப் போகும்போது பார்ப்பார். லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு பார்ப்பதாக அவரோடு வேலை செய்பவர் என்னிடம் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் மெயின் ஆள் நானல்லவா, பதில் எனக்குத்தான் வந்தது. அப்போது ஒருவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டிருந்தோம். பையில் போன் அதிர்ந்தது. ஒரு கையில் குழாய், மறு கையில் பஞ்சு. பல் வேரோடு வர மறுத்து அரைமணி நேரம் எடுத்துக்கொண்டது. அவருக்குத் தையல் போட்டு அனுப்பிவிட்டுப் பார்த்தேன். மூன்று பேருக்கும் கிடைத்திருந்தது. டாக்டரம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு இவரைக் கூப்பிட்டேன்.

மறுமுனையில் இரும்பில் ஏதோ விழுகிற ஒலி கேட்டது.

“என்னங்க, கேக்குதா?”

“ஸ்பானர் விழுந்துடுச்சு,” என்றார். “நீ வீட்டுக்கு வா. நான் சீக்கிரம் வந்துடறேன்.”

அந்த வாரமே மெத்தை வந்துவிட்டது. அதை நான்கு மாடி தூக்கிக்கொண்டு வந்தவர்கள் லிஃப்டைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை எழுத முடியாது.

அடுத்த மாதம் அவர் தன் முதலாளியிடம் சனிக்கிழமை விடுமுறை கேட்பதென்று முடிவு செய்தார். விசா கம்பெனி கையில் இருந்த காலத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம், கொடுக்காவிட்டால் வேறு இடம் பார்க்கலாம். மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். முதலாளி என்ன சொன்னால் இவர் என்ன சொல்வது என்று எனக்கும் பெண்ணுக்கும் நடித்துக் காட்டினார். போனார், கேட்டார். முதலாளி போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சரி என்றாராம். இவருக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

“இவ்வளவுதானாம்மா? கேட்டா கொடுத்திருப்பான் போலிருக்கே.”

“யாருக்குத் தெரியும்? அப்ப கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பானோ.”

சனிக்கிழமை எனக்கு மத்தியானம்வரை வேலை உண்டு. முதல் வாரமே இவர் என்ன செய்வதென்று தெரியாமல் என்னோடு மருத்துவமனைக்கு வந்து, வாசலில் இருந்த பத்திரிகைகளை எல்லாம் படித்து முடித்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார். டாக்டரம்மா விடுவாரா? பல் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டு, வந்தது வந்துவிட்டீர்கள் என்று நாற்காலியில் சாய்த்துவிட்டார்.

நான் பக்கத்தில் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணை உருட்டி உருட்டி என்னிடம் ஏதோ சொல்ல முயன்றார். வாய்க்குள் கண்ணாடி, பஞ்சு, குழாய் மூன்றும் இருந்ததால் ‘ஆங்’, ‘ஊங்’ என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அரைமணி நேரம் நான் மட்டும் பேசினேன். இரண்டு பல் சொத்தை. அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.